எழுதாக் கைப்பக்குவம்

ஆங்கிலேயருக்குச் சமைக்கத் தெரியாது என்று ஏளனம் பேசுவோர் பலர். அந்நாட்டு உணவு விடுதிகளை மட்டும் கண்டு இவ்வாறு தீர்ப்பளிப்பது முறையன்று என்பது நம் கருத்து. ஒரு நாட்டின் சமையலை அறிய விரும்புவோர் அதன் வீடுகளுக்குள், அதிலும் உழைப்பாளர் வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தல் வேண்டும்.

வட இங்கிலாந்தின் லங்காஷயரில் பெண்கள் பருத்தி ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். அடுப்பருகே நிற்க அவர்களுக்கு நேரம் ஏது? ஆழமான மண்கலத்தில் ஆட்டிறைச்சியும் வெங்காயமும் இட்டு, மேலே உருளைக்கிழங்கு வில்லைகளை ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கி, மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவிட்டனர். இதுவே 'ஹாட்பாட்'. அண்டையிலுள்ள யார்க்ஷயரிலோ, அனலில் வாட்டும் இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பையும் வீணாக்கவில்லை. மாவும் முட்டையும் பாலும் கலந்த கரைசலை அதன் அடியில் வைத்தனர். பொங்கியெழும் அப்பத்தை இறைச்சிக் குழம்புடன் முதலில் பரிமாறுவர். பிள்ளைகளின் பசி பாதி அடங்கிவிடும். பிறகு சிறு இறைச்சித் துண்டும் பெரிய குடும்பத்திற்குப் போதுமானதாகிவிடும். தாய்மாரின் கணக்கு இது! இந்த அப்பம் குறைந்தது 4 அங்குலம் உயர வேண்டும் என்று 2008இல் அந்நாட்டு வேதியியல் கழகம் அறிவித்தது. பாட்டிமார் சிரித்திருப்பர்.

இப்பக்குவங்கள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. மகள் தாயின் அருகில் நின்று கற்றவை. எழுதியவர்களும் 'கோழிமுட்டை அளவு வெண்ணெய்' என்பது போல் எழுதி வைத்தனர். உடனிருந்து பாராதவர்க்கு அது விடுகதையே. பெண்மக்கள் ஊரைவிட்டு வேலை தேடிச் செல்லவும், தகரத்தில் அடைத்த உணவு கடைக்கு வரவும், விடுகதைக்கு விடை சொல்வோர் அருகினர்.

இவ்விழப்பை உணர்ந்தவர் ஃபுளாரன்ஸ் ஒயிட் அம்மையார். நாட்டுப்புறச் சமையலைக் காக்க 1928இல் அவர் ஒரு சங்கம் நிறுவினார். நாட்டின் ஆண்களும் பெண்களும் தந்த குறிப்புகளைத் திரட்டி, 1399 முதல் 1932 வரையிலான பக்குவங்கள் அடங்கிய 'இங்கிலாந்தின் நற்பண்டங்கள்' என்னும் நூலை 1932இல் வெளியிட்டார். அடுக்களைப் பேச்சை அச்சேற்றுவது அற்பப் பணி என்று எண்ணுவோர், அடுத்து நிகழ்ந்ததை நோக்குக.

1940 ஜனவரியில் போர்க்காலப் பங்கீடு தொடங்கியது. ஒருவருக்கு வாரம் ஒன்றுக்குச் சில காலம் 2 அவுன்ஸ் வெண்ணெயும் ஒரு முட்டையுமே கிடைத்தன. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு அந்நாட்டில் அன்னையர் ஞாயிறு. பிறர் வீட்டில் பணிபுரியும் பெண்பிள்ளைகள் அன்று தாயைக் காண வருவது பழைய வழக்கம். அந்நாளுக்குரியது 'சிம்னல்' என்னும் கேக். அதன்மேல் வாதுமைப் பசையால் செய்த பதினோரு உருண்டைகள் இருக்கும். யூதாஸ் நீங்கலான அப்போஸ்தலரை அவை குறிக்கும். போர்க்காலத்தில் வாதுமைக்கு எங்கே போவது? சோயா மாவில் வாதுமை மணச்சாறு கலந்து, அதையே வாதுமைப் பசை என்று பெயர் பண்ணினர்.

பங்கீடு முற்றிலும் நீங்கியது 1954 ஜூலையில். தொடங்கியபோது பத்து வயதாயிருந்த சிறுமிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தனக்கென ஓர் அடுக்களையும் உடையவள். தாயிடம் அவள் கண்டு கற்றதெல்லாம் முட்டைத்தூள் சமையல். குண்டு விழுந்து இடிந்த வீடுகளை அரசு எண்ணியது. இதை எண்ணியவர் யார்?

அதே 1954இல் டாரதி ஹார்ட்லி அம்மையார், ஊர்தோறும் கண்ட சமையல் முறைகளைத் தம் கையாலேயே படங்கள் வரைந்து 'இங்கிலாந்தில் உணவு' என்னும் பெரு நூலாக்கினார். பங்கீட்டு அட்டையை ஒதுக்கி வைத்த இளந்தாய்மாருக்குப் பாட்டி செய்த பண்டத்தின் பெயர் நினைவிருந்தது. அளவு நினைவில் இல்லை. திறந்து பார்க்க அவர்களுக்கு இவ்விரு நூல்களும் இருந்தன.