குடம் தூக்கினால் பெண், டம்பெல் தூக்கினால் ஆணா?

அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள் என் தோழி. வயது 41. இடுப்பு வலி என்று போன வருடம் மருத்துவரிடம் போனாள். எலும்பில் கோளாறு எதுவும் இல்லை, தசைகள்தான் பலவீனமாக இருக்கின்றன, எடைப் பயிற்சி செய்யுங்கள் என்றார் அவர். வீட்டில் வந்து சொன்னதும் கணவர் சிரித்தார். "பொம்பள வெயிட்டு தூக்குனா கர்ப்பப்பை எறங்கிடும்" என்றார் மாமியார். அவள் எனக்குப் போன் செய்தாள். "நீ செய்யறல்ல, எனக்கும் சொல்லிக் குடுடி."

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் காஸ் சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கும் எரிவாயு மட்டும் 14.2 கிலோ. இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கர்ப்பப்பையைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். பெண் எடை தூக்குவதை இந்தச் சமூகம் ஒருநாளும் எதிர்த்ததில்லை. அவள் தனக்காகத் தூக்குவதைத்தான் எதிர்க்கிறது.

தருமபுரி மாவட்டத்துப் பெண்களுக்குச் சுமை புதிதா? 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று நடந்தவர்கள் நம் அம்மாக்கள். விறகுக் கட்டு, புளி மூட்டை, மாட்டுக்குப் புல்லுக்கட்டு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, நாள் முழுக்கக் கலவைச் சட்டி சுமந்து மாடியேறுகிறார்கள். கொத்தனாருக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதைவிடக் குறைந்த கூலி. அவர்களைப் பார்த்து "ஆம்பள மாதிரி ஆயிடுவ" என்று யார் சொன்னார்கள்?

பலத்தை ஆணின் பெயரில் பதிவு செய்துகொண்ட கதை பழையது. ஊர் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்று பெருமை பேசுகிறோம். அங்கே கல்லைப் போலவே பெண்ணும் ஒரு பரிசுப் பொருள். ஆனால் திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்று பொங்கல் போட்டியில் பெண்களும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள். யாருக்கும் எதுவும் இறங்கிவிடவில்லை. ஒலிம்பிக்கும் யோக்கியமில்லை. 1896இல் ஏதென்சிலேயே ஆண்கள் பளு தூக்கினார்கள். பெண்களுக்குக் கதவு திறந்தது 2000இல், சிட்னியில். 104 வருடம் கழித்து! அந்த முதல் வாய்ப்பிலேயே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் பளு தூக்கியவர்தான்.

"நாங்கதான் தினமும் சுமக்கிறோமே, இன்னும் எதுக்குத் தனியா?" என்று தோழியும் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் உடம்பிலேயே இருக்கிறது. சுமக்கும்போது தசை வளர்வதில்லை. சுமந்த பிறகு கிடைக்கும் ஓய்விலும் சாப்பாட்டிலும்தான் வளர்கிறது. பயிற்சி என்றால் அளவான சுமை, ஓய்வு, சத்தான உணவு மூன்றும் சேர்ந்தது. நமக்குக் கொடுத்தது சுமையை மட்டும். மற்ற இரண்டும் ஆணின் தட்டிலும் ஆணின் கட்டிலிலும் இருந்தன. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கடைசியாகச் சாப்பிடுகிறவளின் கணக்கு அது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும். அந்தத் தேய்மானத்தைக் குறைக்கிற வழிகளில் ஒன்று எடைப் பயிற்சி.

எங்கள் தொடக்கம் எளியது. முதல் இரண்டு வாரம் எடையே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது. ஒவ்வொன்றும் பத்து முறை, நடுவில் இளைப்பாறி மூன்று சுற்று. பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. அப்புறம் கைப்பிடி வைத்த ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர். பத்தும் சுலபமாக வந்தால் எடையைக் கூட்ட வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. தசை களைப்பது வேறு, மூட்டில் குத்துவது வேறு. குத்தினால் நிறுத்திவிட வேண்டும். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும் கருப்பை இறக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். வாரம் இரண்டு நாள் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் குறைந்தது இரண்டு நாள்தான். கொள்ளு, முட்டை, வேர்க்கடலை. அவற்றை அவள் தன் தட்டில் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். கஷ்டமானது நேரம். முதல் நாள் அரை மணி நேரத்தில் அவளை நான்கு முறை கூப்பிட்டார்கள். துண்டு எங்கே, சார்ஜர் எங்கே, பால் பொங்குது, யாரோ வந்திருக்காங்க. நான்கு முறையும் அவள் கேனைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். மூன்றாவது வாரம்தான் "நீங்களே பாத்துக்கோங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அவள் தூக்கியதிலேயே கனமானது அந்த வாக்கியம்தான். தோழிக்கு உதவுவது என்றால் அந்த அரை மணி நேரத்துக்குக் கதவருகே காவல் நிற்பது.

தசை வந்தால் ஆணைப் போல ஆகிவிடுவோமா? ஆக மாட்டோம். ஆண்களின் தசையைப் பெருக்கும் ஹார்மோன் நம் உடம்பில் மிகக் குறைவு. ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. தோள் கொஞ்சம் அகன்றால்தான் என்ன? யாருடைய கண்ணுக்காக அது குறுகலாகவே இருக்க வேண்டும்? ஜிம் விளம்பரங்களும் பெண்ணிடம் "இளைத்துவிடு" என்றுதான் சொல்கின்றன. ஆணுக்கு வலிமை, நமக்கு மெலிவு. இரண்டுமே ஒரே கடைச் சரக்கு.

ஊராட்சிகளில் பொதுப் பணத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் பெண்களுக்கென்று தனி நேரமும், பெண் பயிற்சியாளரும், வெளிச்சமுள்ள பாதையும் வேண்டும் என்று கிராம சபையில் கேளுங்கள். சலுகை என்று கேட்க வேண்டாம், நம் வரிப்பணம்.

தோழி இப்போது எட்டு கிலோ தூக்குகிறாள். வலி முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. போன மாதம் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முட்டிக்கு எதாச்சும் இருக்கா கண்ணு?" என்றார். நாற்காலியைக் காட்டினேன். அறுபது வருடம் பிறருக்காகச் சுமந்த அந்த அம்மா, முதன்முறையாகத் தனக்காக உட்கார்ந்து எழுந்தார்.