மூட்டையில் ரகம் இருக்கு, ஊர் எங்கே?

போன தையில் அறுத்த மாப்பிள்ளைச் சம்பாவை அரிசியாக்கிச் சென்னைக் கடை ஒன்றுக்கு அனுப்பினேன். அங்கே அரிசி வாங்கிய உறவுக்காரப் பையன் போன் பண்ணினான். “மாமா, இது உங்க அரிசிதானா?” பையில் ரகத்தின் பெயர் இருக்கு, விலை இருக்கு, ‘பாரம்பரிய அரிசி’ என்று பெரிசா போட்டிருக்கு. ஊர் இல்லை. எங்க வயல் அரிசியையும் வேறெங்கோ விளைஞ்சதையும் ஒன்றாகக் கொட்டிப் பொட்டலம் போட்டிருக்காங்க. என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

ஷாப்ளி என்று பிரான்சில் ஒரு சின்ன ஊர். செரென் ஆற்றங்கரை. அங்கே வெள்ளை ஒயின் செய்றாங்க. (குடிக்கச் சொல்லலை, பயப்படாதீங்க.) போடறது சார்டனே என்கிற ஒரே திராட்சை ரகம். அந்த ரகம் கலிபோர்னியா, ஆஸ்திரேலியா, நம்ம மகாராஷ்டிரா வரைக்கும் இருக்கு. வெயில் ஊரில் பழம் சீக்கிரம் பழுத்து இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கும். ஷாப்ளி குளிர் பூமி. பழம் மெதுவாப் பழுக்கும், புளிப்பு நிக்கும். மண் சுண்ணாம்பும் களியும் கலந்தது. பல கோடி வருசத்துக்கு முன்னால் கடலாக இருந்த இடம், கல்லை உடைச்சா பொடிச் சிப்பி தெரியும்.

குளிரால் நட்டமும் உண்டு. ஏப்ரலில் துளிர் விடும்போது உறைபனி விழுந்தா அந்த வருச மகசூல் போச்சு. ராத்திரி முழுக்க வரிசைக்கு நடுவே தீ மூட்டி உட்கார்ந்திருப்பாங்க. இல்லைன்னா தண்ணி தெளிச்சு, துளிர் மேல் ஐஸ் கட்ட விட்டுக் காப்பாத்துவாங்க. 2021 ஏப்ரலில் அதையும் மீறி அடி விழுந்தது. ஐப்பசி அடைமழையில் நாத்து முங்கினவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பாடுபட்டுப் புட்டியில் என்ன எழுதறாங்க? ரகத்தின் பெயரைப் பெரும்பாலும் போடறதே இல்லை. ‘ஷாப்ளி’, அவ்வளவுதான். நம்ம பைக்கு நேர் தலைகீழ்.

அது சும்மா வந்த பேர் இல்லை. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வேர்ப்பூச்சி தோட்டங்களை அழிச்சது. ரயிலில் தெற்கத்திய மலிவு ஒயின் வந்து இறங்கியது. 1950களில் மிஞ்சியது சுமார் 500 எக்டேர்தான், இன்னிக்கு 5,000க்கு மேல. நடுவில் 1938இல் எல்லை வகுத்துச் சட்டம் வந்தது. அமெரிக்கக் கம்பெனிகள் எந்தத் திராட்சையிலோ செய்ததுக்கெல்லாம் ‘ஷாப்ளி’ன்னு ஒட்டி வித்தப்போ, சண்டை போட அந்தச் சட்டம் கையில் இருந்தது. ஒன்று மறக்கக் கூடாது. அந்தச் சட்டம் இயற்கை விவசாயம் கேட்கலை. களைக்கொல்லி அடிச்ச தோட்டத்துக்கும் அதே பேர்தான். நாம் அப்படி விடக்கூடாது.

நமக்கும் ஒரு கோடு இருக்கு. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க. எது வரக்கூடாதுன்னு அது சொல்லுது. என்ன விளையுதுன்னு சொல்லலை. புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியிலேயே இருக்கு. தஞ்சாவூர் ஓவியம், வீணை, தலையாட்டி பொம்மை எல்லாம் வாங்கியாச்சு, 2025இல் கும்பகோணம் வெற்றிலையும். உப்பு வயலில் நிக்கிற பொக்காளி நெல்லுக்குக் கேரளத்துக்காரங்க எப்பவோ வாங்கிட்டாங்க. நம்ம கடைமடை உப்பு மண்ணில் குழியடிச்சானும் குடவாழையும் நிக்குதே, அதைச் சாப்பிடறவங்களுக்கு வேதாரண்யம் என்ற பேராவது தெரியுமா?

கிண்டிக்குப் போறதுக்கு முன்னாடியே ஒன்று செய்யலாம். பிஜிஎஸ் குழு இருக்கிறவங்க ஒருத்தர் வயலை ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடறோம். அதே கையோடு பையில் ஊர், வாய்க்கால், குறுவையா சம்பாவா தாளடியா, மூணையும் எழுதுவோம். அதை அழிச்சுட்டு விற்கிற கடைக்கு அடுத்த லோடு கிடையாது. நான் அந்தச் சென்னைக் கடைக்கு நிறுத்திட்டேன். இப்போ அஞ்சு மூட்டை வீட்டிலேயே கிடக்கு, அதுவும் உண்மைதான்.

எல்லை எங்கே முடியும்னு சண்டை வரும். ஷாப்ளியிலேயே விரிக்கலாமா கூடாதான்னு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு பல வருசம் சண்டை போட்டிருக்காங்க. அடுத்த கூட்டத்தில் நாமும் ஆரம்பிப்போம். வெண்ணாற்றுப் பாசனக்காரங்க முதலில் பேசட்டும்.