வெளிநாட்டு லாரி போல வளைத்துக் கட்டினால் டீசல் மிச்சமாகுமா?

கேள்வி: ‘எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழு சார்பில் பழைய ஆறு சக்கர லாரி ஒன்று வாங்கியிருக்கிறோம். தக்காளி, கத்திரி, முருங்கை ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நடை கோயம்பேடு போய்வருகிறது. பாடி கட்டும் பட்டறையில், ‘வெளிநாட்டு லாரி மாதிரி முன்பக்கம் வளைவு வைத்து, சுற்றிலும் தகடு அடைத்துக் கட்டினால் டீசலில் 20 சதவிகிதம் மிச்சமாகும்’ என்கிறார்கள். அதற்குக் கூடுதலாக 1,80,000 ரூபாய் கேட்கிறார்கள். செல்போனில் படமும் காட்டினார்கள். செய்யலாமா?’
- ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்.

பதில்: பட்டறைக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால், அந்த 20 சதவிகிதம் உங்கள் லாரிக்கான கணக்கு இல்லை. உங்கள் குழுவின் பங்குப் பணம் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

இந்த வளைவு விஷயம் ஒரு சைக்கிளில் இருந்து தொடங்கியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் நாசாவின் விமான ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். 1973-ல் ஒருநாள் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, கடந்துபோன லாரிகளின் காற்று தன்னை முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுப்பதைக் கவனித்தார். காற்றைத் தள்ளுவதற்கே லாரி இவ்வளவு டீசலைச் செலவு செய்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. ஒரு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, செருப்புப் பெட்டி போல நான்கு பக்கமும் கூர்மையான மூலைகளோடு ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு, மூலைகளை மட்டும் உருட்டிவிட்டு ஓட்டினார்கள். காற்றின் எதிர்ப்பு 54 சதவிகிதம் குறைந்தது. உள்ளே இடம் குறைந்ததோ வெறும் 3 சதவிகிதம்தான். இன்று சாலையில் பார்க்கும் வளைந்த கேபின்களுக்கு அந்தப் பரிசோதனையும் ஒரு தொடக்கம்.

அதற்குப் பிறகு எங்கேயோ போய்விட்டார்கள். 2010-ல் அமெரிக்க எரிசக்தித் துறை ‘சூப்பர் டிரக்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஃபிரைட்லைனர் நிறுவனம் 2015-ல் காட்டிய லாரி, சுமார் 29 டன் மொத்த எடையோடு, லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் கொடுத்தது. கண்ணாடிக்குப் பதில் கேமரா, கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இடைவெளியே தெரியாத மூடி, சக்கரங்களை மறைக்கும் பக்கப் பலகை, பின்பக்கம் படகு வால் போலக் குறுகும் அமைப்பு என்று பார்க்கவே விமானம் மாதிரி இருந்தது. இன்ஜினையும் மாற்றியிருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். பட்டறையில் உங்களுக்குக் காட்டிய படம் இந்த வகையாகத்தான் இருக்கும். 2018-ல் ‘ஸ்டார்ஷிப்’ என்ற இன்னொரு லாரி, சுமார் 33 டன் எடையோடு அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரை வரை ஓடி, லிட்டருக்கு 3.8 கிலோமீட்டர் கொடுத்தது. அங்கே சாதாரண லாரிகள் அப்போது கொடுத்தது 2.7 கிலோமீட்டர் அளவில்தான்.

இவை எல்லாமே மணிக்கு 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க நிற்காமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. விஷயமே இதில்தான் இருக்கிறது. ஆடிக் காற்றில் தகர ஷீட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும், காற்று கொஞ்சம் கூடினாலும் ஷீட் ஆளையே தள்ளிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். டயர் உருளும்போது வரும் எதிர்ப்பு அப்படி ஏறுவதில்லை, அது எடையைப் பொறுத்தது.

சரக்கோடு 16 டன் வரும் ஆறு சக்கர லாரிக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இழுவைச் சக்தியில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் காற்றுக்குப் போகிறது. 60-ல் கிட்டத்தட்ட பாதி. 80-ல் 60 சதவிகிதம். இதில் ஊருக்குள் பிரேக் போட்டுப் போட்டு எடுப்பதும், டோல்கேட்டில் நின்று கிளம்புவதும் சேரவில்லை. அந்தச் செலவை எந்த வளைவாலும் குறைக்க முடியாது.

உங்கள் லாரி மாதம் 7,500 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4.5 கிலோமீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 1,667 லிட்டர் டீசல். பட்டறை சொல்லும் 20 சதவிகிதம் உண்மையானால், லிட்டர் 92 ரூபாய்க் கணக்கில் மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் மிச்சம், ஆறே மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். என் கணிப்பில் நீங்கள் 4 சதவிகிதம் எதிர்பார்க்கலாம். அதாவது மாதம் சுமார் 6,100 ரூபாய். பணம் திரும்ப இரண்டரை வருஷம் ஆகும். பழைய லாரியில் இரண்டரை வருஷம் என்பது பெரிய காலம்.

அதைவிட முக்கியமான காரணம் சரக்கு. பறித்த பிறகும் காய்கறி மூச்சு விடுகிறது, சூடு வெளியே விடுகிறது. சுற்றிலும் தகடு அடைத்த பாடியில் தக்காளியை ஏற்றி, ராத்திரி முழுக்க ஓட்டினால், கோயம்பேட்டில் கதவைத் திறக்கும்போது கிரேடு இறங்கியிருக்கும். டீசலில் மிச்சம் பிடித்த 6,000 ரூபாய் ஒரே லோடில் போய்விடும். குளிர்சாதன வண்டி என்றால் மூடலாம். உங்களுடையது அது இல்லை. பக்கங்களில் காற்று புகும் சட்டப் பாடியே இருக்கட்டும்.

அப்படியென்றால் எதுவுமே வேண்டாமா? கேபின் மேல் வைக்கும் வளைந்த காற்றுத் தடுப்பு ஒன்றை மட்டும் தனியாக விலை கேளுங்கள். 4 சதவிகிதத்தில் பெரும்பங்கு அதிலேயே வந்துவிடும். அதன் உயரம் லோடின் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். லோடைவிட உயரமாக நின்றால் அதுவே காற்றைத் தடுத்து டீசலைக் குடிக்கும். பாடியின் முன் மூலைகளை உருட்டிக் கட்டச் சொல்லுங்கள், அதற்கு ஒரு கிரேடு இடம்கூடக் குறையாது. பக்கப் பலகை நம் கிராமத்துச் சாலை வேகத்தடைகளில் ஒரு மாதம் தாங்காது. பின்பக்க வால், லோடு இறக்குகிற ஆட்களுக்கு இடைஞ்சல். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுகிற வேலை எதுவானாலும், மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும். பட்டறையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் 70-ல் போவதை 60 ஆக்கினால், மேலே சொன்ன அதே கணக்கில் இழுவைக்குத் தேவையான சக்தி 14 சதவிகிதம் குறைகிறது. பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீளும். மார்க்கெட் நேரம் தவறாமல் இருக்க, சாயங்காலம் லோடு ஏற்றுவதை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். பறிப்பு ஆட்களோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. டிரைவருக்கு நடைக்கூலி என்றால், மெதுவாகப் போவதில் அவருக்கு லாபம் இல்லை. மிச்சமாகும் டீசலில் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

கேள்வி: ‘கோயம்பேட்டில் இருந்து லாரி காலியாகத் திரும்புகிறது. அப்போதும் தார்ப்பாய் போட்டு மூட வேண்டுமா?’
- திண்டிவனம் பகுதி வாசகர்.

பதில்: மூடினால் நல்லது. திறந்த தொட்டிக்குள் காற்று விழுந்து சுழன்று பின் கதவில் மோதும். தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். தளர்வாகக் கட்டிப் படபடவென்று அடித்தால் பயன் இல்லை, பாயும் கிழியும். கேபின் மேல் காற்றுத் தடுப்பு இருந்து, அதை மடக்கும் வசதி இருந்தால் காலியாக வரும்போது மடக்கிவிடுங்கள். டயர் காற்றை வாரம் ஒருமுறை, ஓடுவதற்கு முன்பு டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவும்.