முகத்துக்கு லேசர், கைக்கு?

தீக்காயத் தழும்பு என்றாலே நம் வீடுகளில் முதலில் வருகிற பேச்சு, "இனிமே இவளை யார் கட்டிக்குவாங்க?" என்பதுதான். அரிக்கிறதா, இழுக்கிறதா, கை கால் நன்றாக நீட்டி மடக்க வருகிறதா என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

என் நாத்தனார் மகளுக்கு மூன்று வருஷத்துக்கு முன் கொதிக்கிற சாம்பார் கொட்டி, கன்னத்திலும் வலது கையிலும் காயம். ஆறிய பிறகு கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுக்குத் தழும்பு. கையிலோ தழும்பு இறுகி, இரண்டு விரல்கள் உள்பக்கமாக மடங்கிவிட்டன. பேனா பிடிக்க முடியாது, சோறு பிசைய முடியாது. ஆனால் வரன் பார்க்க ஆரம்பித்ததும் நகையை அடகு வைத்துக் கன்னத்துக்குத்தான் லேசர் செய்தார்கள். "கையை முந்தானையில மறைச்சுக்கலாம்" என்றார்கள்! அதுவும் 'தழும்பு இருந்த இடமே தெரியாது' என்று நோட்டீஸ் போட்ட ஒரு அழகு நிலையத்தில். கன்னம் முன்பைவிடக் கறுத்ததுதான் மிச்சம்.

பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கையை ஏம்மா இப்படி விட்டீங்க?" என்பதுதான்.

லேசரை நான் குறை சொல்லவில்லை. தழும்பில் மிக நுண்ணிய துளைகள் போட்டு, உள்ளே இருக்கும் நார்கள் சீராக வளரச் செய்கிற லேசர் உண்டு. சிவந்த தழும்புக்கு வேறு வகை. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை செய்ய வேண்டும். தடிப்பு, அரிப்பு, இறுக்கம் குறையும். ஆனால் தழும்பு அடியோடு மறையாது. நம்மைப் போன்ற மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் லேசருக்குப் பிறகு கறுத்துப் போக வாய்ப்பு அதிகம். அதனால் அனுபவமுள்ள டாக்டர்தான் செய்ய வேண்டும், வெயிலும் படக் கூடாது. மடங்கிப் போன விரலை லேசர் மட்டும் நிமிர்த்தாது. அதற்கு ஆபரேஷன், தேவைப்பட்டால் தோல் ஒட்டு, அப்புறம் பயிற்சி. எங்கள் பெண்ணுக்கு ஆபரேஷன் ஆகி, விரல்கள் ஓரளவு நிமிர்ந்திருக்கின்றன. இப்போது தானே கையெழுத்துப் போடுகிறாள்.

காயம் ஆறியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை சகோதரிகளே! தழும்பு முற்ற ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகும். அந்தச் சமயத்தில் டாக்டர் சொல்கிற இறுக்கமான உறை, சிலிக்கான் ஜெல், மசாஜ், கை நீட்டி மடக்கும் பயிற்சி இவற்றை விடாமல் செய்தால் பின்னால் வருகிற அவதி பாதி குறையும். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம்.

லேசருக்குப் பணம் கட்டுமுன், "இதனால் எது குறையும், எது குறையாது? எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு? செய்யப்போவது டாக்டர்தானா?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெண் ஆசைப்பட்டால் முகத்துக்கும் செய்து கொள்ளட்டும், அது அவள் உரிமை. ஆனால் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்காக முகத்தைச் சரிசெய்துவிட்டு, ஆயுசுக்கும் அவளுக்கு உழைக்க வேண்டிய கையை மறைத்து வைப்பது என்ன நியாயம்?

- ஒரு குடும்பத்தலைவி, விருதுநகர்.