பழைய வால்வு செட் கரகரக்குதா? புது வால்வு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போகும் ஒரு கிராமத்தில் மைக் செட் வைத்திருக்கிறார் அந்தப் பெரியவர். ஆடித் திருவிழாவுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. அவரிடம் இருப்பது வால்வு ஆம்ப்ளிஃபயர். சுவிட்சைப் போட்டால் உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெள்ள ஆரஞ்சு நிறத்தில் விழித்துக்கொள்ளும். ஆனால், நாகஸ்வரம் போட்டால் தகரத்தில் ஆணி கீறுவதுபோல ஒரு கரகரப்பு.

"பழைய இரும்புக்காரன் எண்ணூறு ரூபா தரேன்றான் தம்பி. திருவிழாவுக்கு வேற செட்டு பேசிடலாம்னு ஊர்ல சொல்லிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

டெக் செய்தி எழுதுகிறவன், சும்மா இருப்பேனா? 'லோ டிஸ்டார்ஷன்' என்று விளம்பரம் போட்டிருந்த இஎல்84 வால்வு ஒன்றை ஆன்லைனில் வாங்கி வந்து மாட்டினேன். கரகரப்பு இன்னும் அதிகமானது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

டிஸ்டார்ஷன் என்றால், உள்ளே போன ஒலியில் இல்லாத சுரங்கள் வெளியே வருவது. ஒரு ஸட்ஜம் போனால் அதன் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் மேல் ஸட்ஜம் ஒட்டிக்கொண்டு வரும். மூன்று மடங்கு என்றால் மேல் பஞ்சமம். இவை சுருதியோடு சேர்ந்தவை என்பதால் காது மன்னித்துவிடும். வால்வு ஒலி 'இனிமை' என்று ரசிகர்கள் உருகுவதில் இதற்கும் பங்கு உண்டு. ஏழாவது மடங்கு வந்தால்தான் வம்பு. அது கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே, சுருதி சேராமல் நிற்கும்.

அப்படியென்றால், டிஸ்டார்ஷன் குறைவான வால்வு எது? கேள்வியே பாதி தப்பு. இதே இஎல்84-க்கு பிலிப்ஸ் கொடுத்த பழைய அளவுத்தாளைப் பாருங்கள். ஒற்றை வால்வாக 5.7 வாட் எடுத்தால் டிஸ்டார்ஷன் 10 சதவிகிதம். இரண்டை எதிரெதிராகத் தள்ளி இழுக்கும் 'புஷ்-புல்' முறையில் 17 வாட் எடுத்தாலும் 4 சதவிகிதம்தான். 1950-களில் பிரிட்டனின் முல்லார்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஃபைவ்-டென்' சர்க்யூட்டில் இதே ஜோடி 10 வாட் தந்தது. வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கைத் தலைகீழாக உள்ளே திருப்பிப் பிழையைக் கழித்ததால் டிஸ்டார்ஷன் அரை சதவிகிதத்துக்கும் கீழே! வால்வு அதேதான், வைத்த விதம்தான் வேறு.

புஷ்-புல்லில் இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படை மடங்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்கு இரண்டு வால்வும் ஒரே அளவு கரன்ட் இழுக்க வேண்டும். ஒரு மாடு இழுத்து, இன்னொன்று அசை போட்டால் வண்டி எங்கே போகும்?

திருப்பத்தூரில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் செட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் வால்வைப் பார்க்கவே இல்லை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பக்கமும் மீட்டர் வைத்தார். நான் மாட்டிய புது வால்வில் 52 மில்லி ஆம்பியர். பழசில் 29. "300 வோல்ட்ல 52 போனா 15 வாட்டுக்கு மேல. இது தாங்குறதே 12 வாட். இந்தக் கண்டென்சர் கசியுது பாருங்க. பழைய வால்வைத் தின்னது இதுதான். உங்க வால்வையும் தின்னும்." கண்டென்சர் விலை டீ, வடைக் காசு.

அதை மாற்றிவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு ஜோடி எடுத்தார். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பிலிப்ஸ் தொழில்நுட்பத்தில் தயாரித்த காலத்துச் சரக்கு. மீட்டரில் 35, 34. நாகஸ்வரம் கணீரென்று வந்தது. பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

(இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் செட்டை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சரில் 300 வோல்ட் தங்கியிருக்கும்.)

இந்த மலைக்கு வால்வு புதிதும் இல்லை. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்து சென்றதை காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகத்துக்குத் தெரியவந்த இரவு அது. அந்த மங்கலான ஒளியை மின்சாரமாக்கிய போட்டோமல்டிபிளையரும் வெற்றிடக் குழாய்தான். அங்கேயும் இதே கவலை: உள்ளே வந்ததற்கு மேல் குழாய் தானாக எதையும் சேர்த்துவிடக் கூடாது.

திருவிழா மூன்று நாளும் அந்த செட்தான் பாடியது. நான் வாங்கிய ஒற்றை இஎல்84 என் மேஜை டிராயரில் கிடக்கிறது. அதே அளவு கரன்ட் இழுக்கும் ஜோடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.