தீப்பெட்டிப் படம் சேர்ப்பது வீண் வேலையா?

அஞ்சல் தலை சேர்ப்பவரை அறிவாளி என்கிறோம். பழங்காசு சேர்ப்பவரை ஆராய்ச்சியாளர் என்கிறோம். ஆனால் தீப்பெட்டிப் படம் சேர்க்கும் சிறுவனைக் கண்டால் மட்டும், "ஏன்டா குப்பையைப் பொறுக்குகிறாய்?" என்று அதட்டுகிறோம். இந்த வேறுபாடு நியாயமானதுதானா? நியாயமன்று என்பது என் துணிபு. அதே வேளையில், படம் சேர்ப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. இரண்டையும் மாணவ நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1980களின் தொடக்கத்தில் மேல்மலையனூரில் சிறுவர்களாயிருந்த எங்களுக்கு அமாவாசைக்கு மறுநாள் காலைதான் பண்டிகை. அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்தைக் காண இரவெல்லாம் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்து குவிவர். கற்பூரம் ஏற்ற ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்க் கடையில் வாங்கிய தீப்பெட்டியைக் கொண்டுவரும். ஊருக்கு ஊர் விற்கும் தீப்பெட்டி வேறு. அதன்மேல் ஒட்டிய படமும் வேறு. விடிவதற்குள் கோயிலைச் சுற்றிலும் வெற்றுப் பெட்டிகள் சிதறிக் கிடக்கும். செஞ்சிக்கு அப்பால் எந்த ஊரையும் பார்த்திராத எங்கள் கைகளில் தொலைதூரக் கடைத்தெருக்களெல்லாம் வந்து சேர்ந்தன. மாசி மாதத்து மயானக் கொள்ளையோ எங்களுக்குப் பெரும் அறுவடை!

பெட்டியைப் பொறுக்கினால் மட்டும் போதாது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, பசை இளகியதும் படத்தைக் கிழியாமல் உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் மூலை போய்விடும். உரித்ததைப் பழைய நோட்டுப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வைத்து உலர்த்த வேண்டும். கப்பல், சாவி, புலி, சிறுத்தையோடு ஒரு மனிதர் மல்லுக்கட்டும் 'சீட்டா ஃபைட்' என்று நோட்டு நிரம்பும். பெயர்பெற்ற படத்தைப் போலவே, ஓர் எழுத்து மட்டும் மாறியோ கொடியின் நிறம் மட்டும் மாறியோ வரும் போலிகளும் உண்டு. அந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டுபிடிப்பவனே எங்களில் தலைவன். உற்று நோக்கும் பழக்கத்தை எனக்கு முதலில் கற்றுத்தந்தது அறிவியல் ஆய்வுக்கூடமன்று, தீப்பெட்டிப் படமே.

சேர்ப்பதைவிட மாற்றிக்கொள்வதில்தான் இன்பம் மிகுதி. என்னிடம் கப்பல் மூன்று இருக்கும், புலி இராது. அவனிடம் புலி இரண்டு இருக்கும், கப்பல் இராது. மாற்றிக்கொண்டால் இருவருக்கும் ஆதாயம், ஒருவருக்கும் நட்டமில்லை. மளிகைக் கடையில் டஜன் கட்டின்மேல் ஒட்டி வரும் பெரிய படத்துக்குச் சிறிய படம் பத்து. இந்த விலையை எந்த அரசும் அறிவிக்கவில்லை. தெருவே பேசி முடிவு செய்தது. விவரம் தெரியாத சின்னப் பையனை ஏமாற்றிப் பெரிய படத்தை வாங்கிவிடலாம்தான். ஆனால் அடுத்த அமாவாசைக்கு அவனும் அவன் கூட்டாளிகளும் நம்மோடு மாற்ற வரமாட்டார்கள். பொருளாதாரப் பாடத்தில் பண்டமாற்று என்னும் தலைப்பு வந்தபோது, இது நமக்குத் தெரிந்த சங்கதியாயிற்றே என்று எண்ணினேன்.

ஆங்கிலத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு 'ஃபிலுமெனி' என்று பெயர். ஒளியை நேசித்தல் என்று பொருள்படும்படி 1943இல் உருவாக்கிய சொல் அது. அமெரிக்காவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படச்சீட்டு. முதலில் சிகரெட் பெட்டிகளிலும் பின்னர் பபுள்கம் பொட்டலங்களிலும் வைத்துக் கொடுத்த அச்சீட்டுகளை அந்நாட்டுச் சிறுவர்கள் நம்மைப் போலவே சேர்த்தனர். நம்மைப் போலவே மாற்றிக்கொண்டனர். இன்று நிலைமை வேறு. 1952இல் வெளியான மிக்கி மேன்டில் என்னும் ஆட்டக்காரரின் சீட்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அத்தகைய சீட்டை யார் தோழனிடம் நீட்டி, "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்? அது வங்கிப் பெட்டகத்துக்குப் போய்விடும். நம் தீப்பெட்டிப் படத்துக்கு அவ்வளவு விலை ஏறாதது ஒருவகையில் நல்லதே. அது இன்னும் கை மாறிக்கொண்டிருக்கலாம்.

இனி, அப்படம் சுமந்து வரும் வரலாற்றைப் பாருங்கள். ஒரு காலத்தில் நாம் பற்றவைத்த தீக்குச்சி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தது. சுவீடன் நாட்டு முதலீட்டில் 'விம்கோ' நிறுவனம் 1923இல் இங்கே தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். மழை குறைந்த அந்த வட்டாரத்தில் இத்தொழில் வேரூன்றியது. சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. வடக்கே நமக்கு அண்மையிலுள்ள குடியாத்தத்திலும் வளர்ந்தது. பெட்டிக்குப் படம் வேண்டியிருந்ததால் சிவகாசியில் லித்தோ அச்சகங்கள் தோன்றின. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் அந்தத் தீப்பெட்டிப் படத்தின் வழித்தோன்றலே. 1934இல் ஆங்கில அரசு தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதித்தது. ஏழையின் அடுப்படிக்கும் வரி வந்த கதை அது. காந்தியடிகளும் பாரத மாதாவும் தீப்பெட்டியின்மேல் வீடுவீடாகச் சென்ற காலமும் உண்டு. இவ்வளவும் இரண்டு விரல் அகலத் தாளில் அடங்கியிருக்க, அதைக் குப்பை என்று எப்படிச் சொல்வது?

இதுவரை சொன்னவை இன்பத்தின் பக்கம். மறுபக்கமும் உண்டு. ஓர் அமாவாசையன்று குடியாத்தத்துப் பக்கமிருந்து வந்த குடும்பத்தில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் கையிலிருந்த பெட்டியின் படம் என்னிடம் இல்லை. "இத குடுக்கிறியா? பதிலுக்கு நாலு படம் தரேன்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். "இத போயா சேக்கிற? எங்க ஊட்ல மூட்ட மூட்டயா கெடக்குது. நானும் எங்க அக்காவும்தான் ஒட்றோம்" என்றான். "பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன். "போவல" என்றான். என் நான்கு படங்களையும் வாங்காமலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று எனக்கு அது இலவசமாய்க் கிடைத்த படம். பல ஆண்டுகளுக்குப் பின்னரே அதன் விலை புரிந்தது. நான் பொறுமையாக ஊறவைத்து உரித்த ஒவ்வொரு படத்தையும், அதே வயதுக் கை ஒன்று பசை தடவி ஒட்டியிருக்கலாம். எனக்கு விளையாட்டு, அவனுக்குக் கூலி. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி உற்பத்தியில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதைத் தடை செய்தது. ஆயினும் குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் பட்டறைக்கு அத்தடை இல்லை என்னும் விலக்கும் அதிலேயே இருந்தது. அவன் தன் வீட்டுத் திண்ணையில் ஒட்டியிருந்தால் சட்டம் அவனைக் கண்டிராது. சிவகாசிச் சிறுவர்கள் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி அமர்த்தும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று சட்டம் திருந்தியது 2016இல்தான்.

அப்படியானால் படங்களை எரித்துவிடலாமா? கூடாது என்பேன். எரித்தால் அந்தக் கைகளுக்கு இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். குறை, சேர்ப்பதில் இல்லை. கேளாமல் சேர்ப்பதில்தான் இருக்கிறது. எத்தனை படம் என்று எண்ணுபவன் செல்வம் சேர்க்கிறான். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கை என்று கேட்பவன் வரலாறு சேர்க்கிறான்.

செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. நமக்கெல்லாம் பெருமையே. கல்லாலான கோட்டையைக் காக்க அரசு இருக்கிறது. தாளாலான வரலாற்றைக் காக்க யார் இருக்கிறார்கள்? மரச்சீவல் பெட்டியும் அதன்மேல் ஒட்டிய தனித் தாளும் ஏறக்குறைய மறைந்தே போயின. இன்று அட்டையிலேயே படத்தை அச்சிட்டு மடித்துவிடுகிறார்கள். 2021 டிசம்பரில் தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாயிற்று. மலிவான லைட்டர்களின் போட்டியைத் தாங்காமல் தொழிலே தள்ளாடியதால், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023இல் மத்திய அரசு தடை செய்ய நேர்ந்தது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தந்தையாரோ மாமாவோ சேர்த்த நோட்டு ஒன்று இருக்கக்கூடும். பழைய தாளுக்கு எடைபோடுமுன் அதைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பென்சிலால் ஊரும் ஆண்டும் குறியுங்கள். தீப்பெட்டி ஒட்டிய பாட்டிமார் இருந்தால், ஒரு குரோஸுக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். இரட்டையாய் இருப்பவற்றை அடுத்த கல்லூரி விழாவுக்குக் கொண்டுவாருங்கள். விற்க வேண்டாம், மாற்றிக்கொள்வோம். நம் நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டு கிடைத்தால் போதும், அவையெல்லாம் ஒரு தொகுப்பாகிவிடும்.

அந்தக் குடியாத்தத்துப் பையன் கொடுத்த படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. என் நான்கு படங்களை அவன் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.