பிள்ளையின் பேரில் போட்ட பணம்

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் சில வீடுகளில் ஒரே மாதிரியான சண்டை வெடிக்கிறது. காதுகுத்துக்கு வந்த மொய், தாத்தா கொடுத்தது, அம்மா மாதாமாதம் கட்டிய ஆர்டி எல்லாம் சேர்த்துப் பிள்ளையின் பேரில் போட்ட டெபாசிட் இப்போது இல்லை. எப்போதோ அதை உடைத்து, தன் தம்பியின் கடைக்கோ மூத்தவளின் கல்யாணத்துக்கோ அப்பா கொடுத்துவிட்டிருக்கிறார். கேட்டால், ‘நான் சம்பாதிச்ச பணம்தானே’ என்கிறார். அவர் தன் பேரிலேயே வைத்துக்கொண்டு, மகளுக்கென்று மனதுக்குள் ஒதுக்கிய பணமானால் அந்தப் பதில் ஓரளவு செல்லும். மகளின் பேரில் போட்ட பணத்துக்குச் செல்லாது. அது அவளுடைய சொத்து. அப்பா அதற்குக் காப்பாளர் மட்டுமே. காப்பாளர் என்றால் கணக்குச் சொல்ல வேண்டும். நம் சட்டமும் வங்கிகளும் அந்தக் கணக்கைக் கேட்பதே இல்லை என்பதுதான் இந்தச் சண்டைகளின் வேர்.

1956-ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு மைனரின் நிலத்துக்கும் வீட்டுக்கும் நல்ல பூட்டுப் போட்டிருக்கிறது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பா அவற்றை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மீறி விற்றால், பிள்ளை மேஜரானபின் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்யலாம். ஆனால் ரொக்கத்துக்கும் நகைக்கும் அந்த முன்அனுமதி தேவையில்லை. மைனரின் நன்மைக்கே செலவிட வேண்டும் என்ற பொதுக் கடமை மட்டும்தான். மாதச் சம்பளக் குடும்பத்துப் பிள்ளைக்கு இன்று இருக்கும் ஒரே சொத்து அந்த டெபாசிட்தான். அதற்குத்தான் பூட்டு இல்லை. மைனர் பேரிலுள்ள பிபிஎஃப் கணக்கிலிருந்து எடுக்க, ‘இது மைனரின் உபயோகத்துக்கே’ என்று காப்பாளர் உறுதி எழுதிக் கொடுக்கிறார். அது அப்படித்தான் செலவானதா என்று பின்னால் யார் பார்க்கிறார்கள்? மகன் பேரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க முயன்ற எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். அவர் வழக்காடி, தந்தை உயிரோடிருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்ல வேண்டியிருந்தது. கையெழுத்து யாருடையது என்பதற்கு அத்தனை கெடுபிடி. அதைப் போட்டு எடுத்த பணம் எங்கே போனது என்பதற்கு ஒன்றுமில்லை.

பூட்டுப் போட முடியாது என்றும் சொல்ல முடியாது. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில், பெண் 18 வயதை எட்டினாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோதான் படிப்புக்குப் பணம் எடுக்கலாம். அதுவும் பாதிதான். சேர்க்கைக் கடிதமோ கட்டணச் சீட்டோ காட்ட வேண்டும். அதிலுள்ள தொகைக்கு மேல் கிடைக்காது. 1992-இல் தமிழக அரசு தொடங்கிய பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் வைப்புத்தொகையையும் 18 வயதுக்கு முன் பெற்றோர் தொட முடியாது. இதனால் எந்தக் குடும்பமும் உடைந்துபோனதாகத் தெரியவில்லை.

ஆபத்துக்கு எடுக்காமல் என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்வி. வேலை போகிறது, அப்பாவுக்கே ஆஞ்சியோ செய்ய வேண்டியிருக்கிறது. அப்போது பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு கந்துவட்டிக்கு அலையச் சொல்வது மடத்தனம். எடுக்கட்டும், ஆனால் கடனாக எடுக்கட்டும். எவ்வளவு, எதற்கு, எப்போது திரும்பும் என்று எழுதி, விவரம் புரியும் வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால் சண்டையில் பாதி அங்கேயே தீரும். காசு போனதைவிட, போனது அட்மிஷன் அன்று தெரியவருவதுதான் பிள்ளைகளை அதிகம் கசக்க வைக்கிறது. மைனரின் வட்டியை வருமான வரிச் சட்டமே பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கிறதே என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்பவர்களும் உண்டு. அது வரி ஏய்ப்பைத் தடுக்க வந்த விதி. சொத்து யாருடையது என்பதை மாற்றாது. பெற்றவர்மேல் பிள்ளை வழக்குப் போடுவதா என்பது மூன்றாவது வாதம். உண்மைதான், பெரும்பாலோர் போட மாட்டார்கள். சத்தமில்லாமல் கல்விக் கடன் வாங்குவார்கள். 7.5 லட்சம் வரை ஈடு கேட்காமல் கொடுக்கிறார்கள். படிப்பு முடிந்தபின் மாதத் தவணை ஆரம்பிக்கும். சித்தப்பாவின் கடைக்குப் போன முதலுக்கு மகள் தன் முதல் சம்பளத்திலிருந்து வட்டி கட்டுவாள். வழக்கில்லாத சமாதானத்தின் விலை அது.

ஒவ்வொரு முறையும் கோர்ட்டுக்குப் போகச் சொல்வது நடக்காத காரியம். அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. மைனர் கணக்குகள் குறித்து ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கை, கணக்குதாரர் 18-ஐ எட்டியதும் புதிய கையெழுத்து மாதிரி வாங்க வேண்டும், காப்பாளர் நடத்திய கணக்கானால் இருப்பையும் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அதே கவுண்டரில், இருப்போடு நிறுத்தாமல், கணக்குத் தொடங்கிய நாள் முதல் யார் எப்போது எவ்வளவு எடுத்தார்கள் என்ற முழு ஸ்டேட்மென்ட்டையும் அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கச் சொல்லலாம். பணம் எடுக்கப்போகும் அப்பாவுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தால், வித்டிராயல் ஸ்லிப்பை நிரப்பும் முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்.